மட்டையும் பந்தும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு நம்மை அழைத்த செயலாளர், "கல்வியின் சிறப்பு" என்னும் தலைப்பைத் தந்தார். இதே மேடையில் அத்தலைப்பில் பதினைந்து முறையேனும் பேசப்பட்டிருக்கும். நாமே மூன்று முறை பேசியிருக்கிறோம். ஆகவே வேறொரு தலைப்பைக் கேட்டு வாங்கினோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி ஆட்டத்தில் ஆர்வம் உண்டாக்குவது எவ்வாறு என்பதே அது. செயலாளர் சற்றே திகைத்தார். பிறகு, "சார், பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களே" என்றார். கோபித்துக்கொள்ளக் கூடிய பெரியவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு விடை கூறிவிட்டு அப்பால் செல்வதே முறை.

சென்ற பொதுக்குழுவில், சங்க நிதியிலிருந்து ஹாக்கி மட்டைகள் வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று இளைஞர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்ததை அனைவரும் அறிவீர்கள். அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "நம் பிள்ளைகளுக்கு வேண்டியது புத்தகம், மட்டை அன்று. கையில் கம்பைப் பிடித்த காலம் போதும். பேனாவைப் பிடிக்கவே இந்தச் சங்கம் வைத்தோம்" என்றார். அவர் சுமை தூக்கியே இரு பெண்மக்களைப் பட்டதாரிகள் ஆக்கியவர். அவர் சொல்லை எளிதில் தள்ளிவிட நமக்குத் துணிவில்லை. தீர்மானம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் அது மீண்டும் வரும். அதற்குள் நாம் கண்டறிந்தவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

அப்பெரியவர் கூறிய அதே கருத்தை நாமும் ஒரு காலத்தில் கொண்டிருந்தோம். கொண்டிருந்ததோடு நில்லாமல் அதனை ஆணையாகவும் பிறப்பித்தோம். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், "காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்ற மாணவரே மாலையில் மைதானத்தில் இறங்கலாம்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதச் செய்தோம். உடற்கல்வி ஆசிரியர் தயங்கினார். "சார், ரைட் அவுட் ஆடுகிற பையன் கணக்கில் போய்விடுவான்" என்றார். போனால் படிக்கட்டும் என்றோம். அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன்; நம் தெருப் பிள்ளை. சொன்னவாறே கணக்கில் போனான். ஒரு வாரம் வேலிக்கு வெளியே நின்று, எல்லை தாண்டி வரும் பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் வேலிக்கும் வரவில்லை, வகுப்புக்கும் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான் என்றார்கள். நாம் இரண்டு முறை வீட்டுக்குச் சென்றோம். அவன் தாய் திட்டவில்லை. "அவன் பள்ளிக்கூடம் வந்ததே அந்த மட்டைக்காகத்தானே சார்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் நம்மைக் கண்டு ஓடி வந்து கும்பிட்டான். நலம் விசாரித்தோம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், நம்ம கிரவுண்டுல இன்னும் ஹாக்கி நடக்குதா?"

அந்த ஆணையை நாம் திரும்பப் பெற்றுவிட்டோம். எந்தப் பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறதோ அந்தப் பிள்ளைக்கு மைதானத்து வேப்பமரத்தடியிலேயே அரை மணி நேரம் கணக்கு. அது முடிந்ததும் மட்டை. கணக்கு ஆசிரியர் நல்லவர். தம் நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பின் எல்லோரும் தேறிவிட்டனர் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆயினும் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவரும் அதன்பின் பள்ளியை விட்டு நிற்கவில்லை. புத்தகமா மட்டையா என்று கேட்கும் பெரியவர்க்கு நாம் கூறும் விடை இவ்வளவே. நம் பிள்ளைகளில் சிலரைப் புத்தகத்தின் அருகே கொண்டுவந்து நிறுத்துவது மட்டைதான். அந்தக் கயிற்றை நாம் ஒருமுறை அறுத்துப் பார்த்துவிட்டோம்.

இனி, எத்தனையோ ஆட்டங்கள் இருக்க ஹாக்கி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். கபடிக்குச் செலவில்லை, கிரிக்கெட்டைத் தெருவிலேயே ஆடலாம். உண்மைதான். ஆனால் நாம் வாழும் இக்கரிசல் பூமிக்கும் ஹாக்கிக்கும் நெடுநாள் உறவு உண்டு. கோவில்பட்டி என்றால் வடநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் கடலை மிட்டாய்க்கு முன்னால் ஹாக்கி நினைவுக்கு வரும். அங்கே இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடைபெறுகிறது. செயற்கைத் தரை மைதானம் இருக்கிறது. அரசின் விளையாட்டு விடுதி இருக்கிறது. அவ்விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினர். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இளையோர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகளின் அணிகள் வந்தன. பேருந்து ஏறினால் எட்டக்கூடிய தொலைவில் இவ்வளவும் இருக்க, நம் தெருப் பிள்ளைகளுக்கு ஹாக்கி என்பது அடுத்த தெருவார் ஆட்டமாக இருப்பானேன்?

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் நம்மைப் போன்றோர்க்கு இடமில்லை என்றும் எவரும் எண்ண வேண்டா. இந்திய அணி முதன்முதலாக ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது 1928-இல், ஆம்ஸ்டர்டாம் நகரில். ஐந்து ஆட்டங்கள், அடித்த கோல்கள் 29, வாங்கியது ஒன்றுமில்லை. அவ்வணியின் தலைவர் யார் தெரியுமா? ஜெய்பால் சிங் முண்டா. சோட்டா நாகபுரிக் காட்டுப் பகுதியில் பிறந்த பழங்குடி மகன், ஆக்ஸ்போர்டில் படித்தவர். பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்டத்தை வரைந்த அதே அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்து, ஆதிவாசி மக்களுக்காக வாதாடியவர். மட்டை பிடித்த கை பேனாவைப் பிடிக்காது என்று கூறுவோர் இவருடைய வாழ்வைப் படித்துப் பார்க்கலாம்.

அதே அணியில் 14 கோல்கள் அடித்தவர் தியான்சந்த். அவரைப் பற்றிய கதைகள் பல. அவற்றில் பாதி கதைகளே. நம் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது வேறொரு செய்தி. 1922-இல் படையில் சிப்பாயாகச் சேர்ந்த பிறகே அவர் ஹாக்கியை முறையாகக் கற்றார். ஆகவே பதின்மூன்று வயதுப் பையனைப் பார்த்து, "உனக்கு வயது போய்விட்டது" என்று எந்த ஆசிரியரும் சொல்லலாகாது.

தமிழர்களில் பாஸ்கரன் 1980-இல் மாஸ்கோவில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் கொண்டுவந்தார். நம் நாட்டின் எட்டாவது ஹாக்கித் தங்கம் அது. அதன்பின் தங்கம் வரவில்லை. 41 ஆண்டுகள் கழித்து 2021-இல் டோக்கியோவில் வெண்கலம் வந்தது. 2024-இல் பாரிசில் மீண்டும் வெண்கலம். புனே அருகே கட்கியில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளை, சிறுவயதில் மட்டை வாங்க வழியின்றி உடைந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டி ஆடியவர். அவரே நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடினார். உடைந்த மட்டையை எறியாதீர்கள் என்று நாம் நம் பள்ளியில் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் அன்று.

எனினும் நாம் ஹாக்கியை வற்புறுத்துவதற்கு மேற்கூறியவை முதற்காரணம் அல்ல. முதற்காரணம் பந்து ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் போகவேண்டிய ஆட்டம் இது என்பதே. கிரிக்கெட்டில் ஒருவன் தனியே நின்று நூறு ஓட்டம் எடுக்கலாம். ஹாக்கியில் தனியே ஓடுகிறவன் மூன்றாவது ஆளிடம் பந்தை இழப்பான்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் உதவியாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், பதினொருவர் கொண்ட அணியில் மூவர் நம் குடியிருப்புப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் இடப்புற ஓரத்தில் ஆடினான். நல்ல ஓட்டக்காரன். ஒரு போட்டியில் அவன் ஆளில்லா வெளியில் கையைத் தூக்கித் தூக்கி நிற்கிறான். பந்து அவன் பக்கமே போகவில்லை. முதற்பாதி முழுவதும் அவன் மட்டையில் பந்து பட்டது இரண்டே முறை. அந்த இரண்டும் எதிரணியார் தவறவிட்டவை. இடைவேளையில் நடுக்கள ஆட்டக்காரனை அழைத்து, ஏன் அவனுக்குத் தரவில்லை என்று கேட்டோம். "பார்க்கலை சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறோம். அவனுக்குத் தெரியவில்லை. பார்க்காதிருக்க அவனுக்கு வீட்டிலேயே பழக்கியிருந்தார்கள்.

அறிவுரை எதுவும் கூறவில்லை. மறுநாள் பயிற்சியில் ஒரு விதியை மட்டும் வைத்தோம். முன்வரிசையினர் அனைவர் மட்டையிலும் பந்து பட்ட பிறகு அடிக்கும் கோலே கோல், மற்றவை எண்ணப்படா. இரண்டு வாரம் முணுமுணுப்பு. ஒரு தந்தையார் பள்ளிக்கே வந்து, "இது என்ன புது ரூல்?" என்று கேட்டார். ஆட்டம் வளர்வதற்கான முறை என்றோம். அது பொய்யும் அன்று. அடுத்த வட்டாரப் போட்டியில் இடப்புறத்திலிருந்து ஒரு கோல் விழுந்தது. அதற்குப் பந்து கொடுத்தவன் அந்த நடுக்கள ஆட்டக்காரன்தான். அன்று மாலையே சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் அவர்கள் தனித்தனியாகவே நின்றார்கள். ஆயினும் மைதானத்தில் பந்து போயிற்று. அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தது.

வெற்றி பெற்றால் இந்நாடு நம்மை ஏற்றுக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டலாகாது. அதற்கு வந்தனா கடாரியாவின் வாழ்வே சான்று. அரித்துவாரத்தை அடுத்த ரோஷனாபாத் கிராமத்தில், நம் போன்ற ஒரு குடும்பத்தில் பிறந்த பெண் அவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் இந்தியப் பெண் அவரே. நான்கே நாள் கழித்து அரையிறுதியில் நம் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்று அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து ஆடினர். சாதியைச் சொல்லி ஏசினர். அணியில் தாழ்த்தப்பட்டோர் மிகுந்ததால்தான் தோற்றார்கள் என்று கூவினர். குடும்பத்தார் புகார் கொடுத்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. அப்பெண் என்ன செய்தார்? இரண்டு நாள் கழித்துப் பிரிட்டனுக்கு எதிராக மைதானத்தில் இறங்கி மற்றொரு கோல் அடித்தார். அவ்வாண்டு மே மாதம் தந்தையார் மறைந்தபோதும் பயிற்சி முகாமில் இருந்தமையால் இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலாதவர் அவர். 2025-இல் ஓய்வு பெறும்போது இந்தியாவுக்காக 320 ஆட்டங்கள் ஆடியிருந்தார். இதனை ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் கூறினோம். ஒரு சிறுமி எழுந்து, "சார், வெடி போட்டவங்க பேரு யாருக்காவது தெரியுமா?" என்றாள். வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. "இவங்க பேரு எல்லாருக்கும் தெரியுதே" என்று கூறி அமர்ந்தாள். அவள் இப்போது நம் பெண்கள் அணியின் கோல்காப்பாளர்.

இனி, தலைப்பில் கூறிய காரியத்துக்கு வருவோம். ஆர்வத்தை எவ்வாறு மூட்டுவது? பல பள்ளிகளில் செய்யும் தவறு, பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்து விதிகளைச் சொல்வது. மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பந்தின் எடை 156 முதல் 163 கிராம். இவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் எறும்புப் புற்றைக் கிளறத் தொடங்கிவிடுவர். அளவுகள் நடுவராகப் போகிறவர்க்கு வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது மட்டையில் பந்து படும்போது எழும் அந்த ஒலி.

ஆகவே முதல் நாள் இரண்டே விதிகள். பந்து காலில் படக் கூடாது. மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட வேண்டும். அவ்வளவுதான். ஓங்கி அடிப்பதை முதல் மாதம் முழுவதும் தடுத்துவிடுங்கள். பந்தைத் தள்ளிவிடப் பழகட்டும். ஓங்கி அடித்தால் பலசாலிப் பையன் மட்டும் ஆடுவான், மற்றவர் ஒதுங்குவர், ஒருவன் காலெலும்பு வீங்கினால் மறுநாள் பத்துத் தாய்மார் பள்ளி வாசலில் நிற்பார்கள். தொடக்கத்தில் கெட்டிப் பந்தே வேண்டா. பழைய டென்னிஸ் பந்து போதும்.

கிட்டிப்புள் ஆடும் பிள்ளைகளை முதலில் பிடியுங்கள். எழும்பும் புள்ளைக் கண்ணால் அளந்து அடிக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டு ஏற்கெனவே பண்பட்டிருக்கிறது. நம் தெருவில் அப்பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

மட்டையைப் பிடிக்கும் முறை: இடக்கை மேலே, வலக்கை நடுவில். மட்டையைத் திருப்புவதெல்லாம் இடக்கையின் வேலை. வலக்கை துணை செய்வது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் தமக்கேற்ற மட்டை தேடுவார்கள். ஹாக்கியில் இடக்கைக்கெனத் தனி மட்டை கிடையாது. "உன் கை இதற்குப் பொருந்தாது" என்று அப்பிள்ளையை விலக்கிவிடாதீர்கள். எந்தக் கை ஆளவேண்டுமோ அந்தக் கை அவனுக்கு இயல்பிலேயே வலுவாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

மட்டை உயரத்துக்கேற்ப இருக்க வேண்டும். பெரியவர் மட்டையைச் சிறுவன் கையில் கொடுத்தால் அவன் கோணலாக நின்று கற்று, பிறகு அக்கோணலை மாற்றவே ஓராண்டு ஆகும். முசுக்கட்டை மரத்தில் செய்த மட்டைகள் ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வருகின்றன. உடைந்தவற்றின் கைப்பிடியைத் தச்சரிடம் கொடுத்து அறுத்துக் குட்டையாக்கி, சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அருமையான மட்டை. அதுவும் இல்லையெனில் சீமைக்கருவேலத்தில் அடி வளைந்த கிளையைத் தேடி வெட்டிக் கொள்ளட்டும். அந்த மரத்தால் நாட்டுக்கு உண்டான நன்மை இஃதொன்றாகவாவது இருக்கட்டும். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்துச் சிற்றூரில் மூங்கில் கழியால் ஆடத் தொடங்கிய சலீமா டேடே 2024-இல் இந்தியப் பெண்கள் அணியின் தலைவரானார்.

பதினொருவர் ஆட்டத்தை உடனே தொடங்காதீர்கள். இருபது பிள்ளைகள் ஒரே பந்தைத் துரத்தினால் நால்வர் ஆடுவர். பதினாறு பேர் புழுதி குடிப்பர். நால்வர்க்கு நால்வர், சிறிய களம், பத்து நிமிடம். கோல்காப்பாளர் வேண்டா, அவருக்குரிய காப்புகள் விலை மிக்கவை. இரண்டு பழைய டயர்களை நிறுத்தி அவற்றுக்கிடையே பந்தைத் தள்ளச் சொல்லுங்கள். நாம் முன்பு கூறிய விதியை இங்கே முதல் நாளிலிருந்தே வையுங்கள்: நால்வர் மட்டையிலும் பட்ட பின்னரே கோல்.

கரிசல் தரை கோடையில் வெடிக்கும். மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். செம்மண் சரளை இரண்டு டிராக்டர் கொட்டி, நீர் தெளித்து, உருளையிட்டால் ஆண்டில் எட்டு மாதம் ஆடலாம். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது முதல் மண்தரையில் ஆடிப் பயனில்லை என்று கைவிரிப்போர் உண்டு. உயர்நிலைப் போட்டிக்குச் செல்பவர்க்குச் செயற்கைத் தரைப் பயிற்சி இன்றியமையாதது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசை தோன்றுவதற்குச் செயற்கைத் தரை வேண்டியதில்லை. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தைப் பாருங்கள். இந்தியாவுக்காக 412 ஆட்டங்கள் ஆடிய திலீப் திர்க்கி அம்மாவட்டத்துப் பழங்குடி மகன். அங்கே கிராமந்தோறும் "கஸ்ஸிப் போட்டி" நடக்கும். கஸ்ஸி என்றால் ஆட்டுக்கிடாய். வெற்றி பெற்ற அணிக்குக் கோப்பை இல்லை, கிடாய். அன்றிரவே ஊரே கூடிச் சமைத்து உண்ணும். நம் இளைஞர்கள் ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்தநாளுக்கு ஒலிபெருக்கிக்கும் தட்டிக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை எடுத்து, நான்கு ஊர்ப் பிள்ளைகளை அழைத்து, ஒரு கிடாயைக் கட்டி வைத்து ஆட்டம் நடத்தினால் என்ன? பிள்ளைகள் ஹாக்கிக்கு வருவார்கள். தந்தையர் கிடாய்க்கு வருவார்கள். வந்தபின் பார்க்கத்தானே வேண்டும்?

மற்றொன்று சோறு. காலை ஆறு மணிக்கு வரும் பிள்ளை எதை உண்டு வருகிறது என்று நாங்கள் முதலில் கேட்கவில்லை. ஒரு நாள் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஓடிக்கொண்டிருந்தவன் சுருண்டு விழுந்தான். முந்தைய இரவும் அவன் உண்டிருக்கவில்லை. அரசின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைக்கு மதிய உணவு வரை காத்திருத்தல்தான். அன்று முதல் ஊறவைத்த கொண்டைக்கடலையும் ஒரு வாழைப்பழமும் கொடுக்கிறோம். ஆசிரியர்கள் முறைவைத்துச் செலவு செய்கிறோம். தீர்மானத்தில் மட்டைக்குக் கேட்ட தொகையில் பாதியைக் கடலைக்கு ஒதுக்குவதாயின் நாம் மறுக்க மாட்டோம். மட்டை உடைந்தால் கட்டலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்களிடம் தனியே சொல்ல வேண்டும். பள்ளி விட்டதும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் அவர்களுக்காகக் காத்திருப்பதை அறிவோம். ஆகவே பெண்களுக்கு மாலைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, மதிய இடைவேளைக்குப் பின் கடைசிப் பாடவேளையைக் கொடுத்தோம். வயது வந்த பெண்ணை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று கேட்ட ஒரு தாயிடம், "நீங்களும் வந்து வேப்பமரத்தடியில் உட்காருங்கள் அம்மா" என்றோம். அவர் வந்தார். மூன்றாம் நாள் எதிரணிக்கு எதிராக அவர் போட்ட கூச்சலை அடக்க உடற்கல்வி ஆசிரியர் போதும் போதும் என்றாகிவிட்டார்.

ஹாக்கி ஆடினால் வேலை கிடைக்கும் என்று நாம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இரயில்வேயும் வங்கியும் அணிகள் வைத்திருக்கின்றன. நம்மவர் சிலர் அவ்வழியே சென்றும் இருக்கிறார்கள். ஆனால் ஆடுகிற நூறு பேரில் அவ்வாயில் ஒருவர்க்குத் திறந்தால் பெரிது. மீதமுள்ளோர்க்குப் படிப்புத்தான் வழி. அதனாலேயே வேப்பமரத்தடிக் கணக்கை நாங்கள் நிறுத்தவில்லை.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பட்டம் பெற்றவர் பலர் சனி, ஞாயிறுகளில் ஊரில் இருக்கிறீர்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே; பிள்ளைகளோ ஏறத்தாழ எழுபது பேர். இருவர் விதிநூலைப் படித்து நடுவராகப் பழகுங்கள். நம் தெருவிலிருந்து ஆட்டக்காரர் வந்திருக்கிறார்கள். ஊதலை வாயில் வைத்து நம் தெரு ஆள் ஒருவர் ஊர்ப் போட்டியில் நடுவில் நின்றதை நாம் இதுவரை கண்டதில்லை. இன்னும் இருவர் புறம்போக்கு நிலத்தில் முள் வெட்டவும், சரளை கொட்டுவதற்கு ஊராட்சிக்கு மனு எழுதவும் வேண்டும். மனுவை நாமே திருத்தித் தருகிறோம். பிழையில்லாமல் எழுதுவதில்தான் நமக்குக் கொஞ்சம் பேர் உண்டு.

பள்ளியில் இப்போது நல்ல மட்டைகள் பதினான்கு இருக்கின்றன. குட்டையாக்கிக் கட்டியவை ஒன்பது. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தின் கிழக்குப் பக்கம் முள் வெட்டத் தொடங்குகிறோம். அரிவாள் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். தீர்மானத்தை எதிர்த்துப் பேசிய பெரியவர் அவர்களையும் அன்புடன் அழைக்கிறோம். அவர் பேரன் நம்மிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறான். இடப்புறம் ஆடுகிறான். அவர் இதுவரை பார்க்கவில்லை.